ஓட்டப்போறது யாரு? மனைவிக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் தேர்ந்தெடுக்கும் கணக்கு

மெக்கானிக்கல் எடுத்த நாள்லேர்ந்து சொந்தக்காரங்க நம்மகிட்ட விடாம கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு: "எந்த கார் வாங்கலாம் தம்பி?" கல்யாண வீட்ல கேப்பாங்க, காதுகுத்துல கேப்பாங்க, பஸ்ல பக்கத்து சீட்டுக்காரரும் கேப்பார். தெர்மோடைனமிக்ஸ்ல அரியர் இருந்தாலும் கார் விஷயத்துல நாமதான் எக்ஸ்பர்ட். பதிலும் பெரும்பாலும் ஈஸி. மைலேஜ், சர்வீஸ் சென்டர், ரீசேல் வேல்யூ. இந்த மூணையும் வரிசையா சொன்னா காபி வந்துடும்.

ஆனா "என் மனைவிக்கு ஜாலியா ஓட்டுற மாதிரி, கைக்கு அடங்குற விலையில ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேணும்"னு ஒருத்தர் கேட்டா? மைலேஜ் பதில் இங்க செல்லாது. "ஜாலி"யை அளக்குற மீட்டர் நம்ம காலேஜ்ல எந்த லேப்லயும் கிடையாது. இன்னொரு சிக்கலும் இருக்கு. காசு குடுக்குறவர் ஒருத்தர், ஓட்டப்போறவர் இன்னொருத்தர்.

இந்தக் கேள்வியை எப்படி ஒரு டிசைன் ப்ராப்ளம் மாதிரி எடுத்துத் தீர்க்கலாம்னு பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. முதல் செமஸ்டர் எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ் ஞாபகம் இருந்தா போதும். சிவில், ஈசிஈ நண்பர்களும் தைரியமா படிக்கலாம்.

1. கொடுக்கப்பட்டவை

எந்தக் கணக்கையும் 'கொடுக்கப்பட்டவை'னு எழுதித்தானே ஆரம்பிப்போம்? இது நிஜமா எனக்கு வந்த கணக்கு. அக்காவும் மாமாவும் அமெரிக்காவுல, நார்த் கரோலினா மாநிலம் சார்லட்ல இருக்காங்க. அக்காவோட பிறந்த நாளுக்கு மாமா ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கித் தரணும்னு ஆசைப்பட்டார். பட்ஜெட் சுமார் 30 ஆயிரம் டாலர். வீட்ல ஏற்கனவே ஒரு பெரிய எஸ்யுவி இருக்கு. ஆறு வயசுல ஒரு பொண்ணு இருக்கா.

அக்காவைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா இந்தக் கணக்குல முக்கியமான டேட்டா அவங்கதான். உயரம் 5 அடி 1 அங்குலம். கார் ஓட்டக் கத்துக்கிட்டது நாமக்கல்ல, அப்பாவோட மாருதி 800ல. 70 கொண்டை ஊசி வளைவு இருக்குற கொல்லிமலை ரோட்டுல, பக்கத்து சீட்ல அப்பா கைப்பிடியை விடாம உக்காந்திருக்க, சிரிச்சுக்கிட்டே ஏத்துனவங்க. இப்ப ஏழு வருஷமா ஆட்டோமேட்டிக் எஸ்யுவிதான். ஸ்கூல், மளிகை, டாக்டர்னு எல்லாருக்காகவும் ஓட்டுறாங்க. ஒரு தடவை போன்ல சொன்னாங்க: "இங்க கார் ஓட்டுறது ஃப்ரிட்ஜை ஓட்டுற மாதிரி இருக்குடா."

மாமா எனக்கு ஒரு எக்செல் ஷீட் அனுப்பினார். மொத்தம் 14 கார். ஹார்ஸ்பவர் வரிசையில, அதிகத்துலேர்ந்து குறைவா அடுக்கி வச்சிருந்தார். உயரம், கிளட்ச், பொண்ணு, கொல்லிமலை எதுக்கும் அதுல ஒரு காலம் கூட இல்ல. அமெரிக்காவுல டிசம்பர் மாச கார் விளம்பரங்கள்ல வாசல்ல பெரிய சிவப்பு ரிப்பன் கட்டின கார் நிக்கும், மனைவி கதவைத் திறந்து வாயைப் பொத்திக்குவாங்க. மாமா மனசுல ஓடினதும் அந்தப் படம்தான்.

2. ஹார்ஸ்பவர் வரிசை ஏன் பத்தாது

மாமா ஷீட்லேர்ந்து மூணு காரை மட்டும் எடுத்துக்குவோம். மூணும் புதுசா வாங்கினா 30 ஆயிரம் டாலரை ஒட்டித்தான் ஆரம்பிக்கும்.

ஃபோர்டு மஸ்டாங் ஈகோபூஸ்ட்: 315 எச்.பி., எடை சுமார் 1,630 கிலோ.
டொயோட்டா ஜிஆர்86: 228 எச்.பி., எடை சுமார் 1,275 கிலோ.
மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா: 181 எச்.பி., எடை சுமார் 1,060 கிலோ.

எச்.பி.யை மட்டும் பார்த்தா மஸ்டாங்கோட நம்பர் மியாட்டாவைவிட 74 சதவீதம் அதிகம். இப்ப ஒரு டன்னுக்கு எத்தனை எச்.பி.னு வகுத்துப் பாருங்க. மஸ்டாங் 193, ஜிஆர்86 179, மியாட்டா 171. 74 சதவீத வித்தியாசம் 13 சதவீதமா சுருங்கிடுச்சு. மீதி ஹார்ஸ்பவர் எங்க போச்சு? காரோட சொந்த எடையை இழுக்கவே போயிடுச்சு.

அடுத்து பிரேக். 100 கிமீ வேகத்துல போற காரை நிறுத்தணும்னா அதோட இயக்க ஆற்றல் முழுசையும் வெப்பமா மாத்தணும். பாதி நிறை பெருக்கல் வேகத்தோட வர்க்கம். மியாட்டாவுக்கு சுமார் 4.1 லட்சம் ஜூல், மஸ்டாங்குக்கு 6.3 லட்சம் ஜூல். ஒவ்வொரு தடவை பிரேக் மிதிக்கும்போதும் இந்த வித்தியாசத்தை டிஸ்க்கும் பேடும் டயரும் சேர்ந்து கட்டுதுங்க. எடை அதிகமானா பெரிய பிரேக், அகல டயர், கனமான சஸ்பென்ஷன்னு எல்லாம் பெருசாகும். அதுங்களும் எடைதானே? ஒரு கிலோ கூடினா அது தனியா வராது.

இதைவிட எளிமையான விஷயம் ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல பெரும்பாலான ஹைவேல வேக வரம்பு மணிக்கு 65லேர்ந்து 75 மைல். சிக்னல்லேர்ந்து ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சா மஸ்டாங் அஞ்சு நொடியை ஒட்டி அந்த எல்லைக்குக் கிட்ட வந்துடும். அப்புறம் காலை எடுக்கணும், இல்லைனா போலீஸ் வருவாங்க. 315 குதிரையில பாதி எப்பவும் லாயத்துலயே நிக்கும். சின்ன இன்ஜின் கார்ல முதல் ரெண்டு கியரையும் முழுசா இழுத்துப் பார்த்தாலும் இன்னும் சட்டத்துக்குள்ளதான் இருப்போம். அக்காவுக்கு மாருதி 800 ஏன் பிடிச்சதுன்னு இப்ப புரியும். 796 சிசி, 40 எச்.பி. கூட கிடையாது, எடை 650 கிலோவை ஒட்டி. அந்த காருக்குள்ள இருந்த எல்லாத்தையும் அக்கா பயன்படுத்தினாங்க.

3. வளைவுல என்ன நடக்குது

மலை ரோட்டுல ஒரு வளைவு, ஆரம் 30 மீட்டர். டயருக்கும் ரோட்டுக்கும் உராய்வு எண் 0.9னு வச்சுக்குவோம். சறுக்காம போகக்கூடிய அதிகபட்ச வேகம் எவ்வளவு? உராய்வு எண், புவியீர்ப்பு, ஆரம் மூணையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்க. 16.3 மீட்டர் ஒரு நொடிக்கு, அதாவது சுமார் 59 கிமீ. நிறை இந்த சமன்பாட்டுல ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போயிடும். அப்ப எடை குறைஞ்சா வளைவுல என்ன லாபம்னு வைவாவுல கேட்டா பலபேர் மாட்டிக்குவாங்க.

பதில் டயர்ல இருக்கு. பாடப்புத்தக உராய்வு விதிப்படி சுமை ரெண்டு மடங்கானா பிடிமானமும் ரெண்டு மடங்காகணும். நிஜ ரப்பர் டயர் அப்படி நடக்காது. சுமை ரெண்டு மடங்கானா பிடிமானம் ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாத்தான் ஏறும். இதுக்கு டயர் லோடு சென்சிட்டிவிட்டின்னு பேரு. அதனால சுமை நாலு டயர்லயும் எவ்வளவு சமமா பரவியிருக்கோ அவ்வளவு நல்லது.

வளைவுல திரும்பும்போது உள்பக்க டயர்லேர்ந்து வெளிப்பக்க டயருக்கு சுமை மாறும். எவ்வளவு மாறும்ங்கிறது பக்கவாட்டு விசையையும் காரோட ஈர்ப்பு மையத்தோட உயரத்தையும் பெருக்கி, ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல இருக்குற அகலத்தால வகுத்தா வரும். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். தாழ்வான கார்: ஈர்ப்பு மையம் 45 செமீ, அகலம் 150 செமீ. எஸ்யுவி: ஈர்ப்பு மையம் 70 செமீ, அகலம் 155 செமீ. ரெண்டும் 0.8 ஜி விசையில திரும்புது. தாழ்வான கார்ல மொத்த எடையில 24 சதவீதம் மாறும், உள்பக்கம் 26, வெளிப்பக்கம் 74. எஸ்யுவில 36 சதவீதம் மாறும், உள்பக்கம் வெறும் 14, வெளிப்பக்கம் 86. அக்கா சொன்ன ஃப்ரிட்ஜ் இதுதான். உயரமா நிக்குது, ஒரு கால்ல சாயுது.

ஜிஆர்86 இந்த உயரத்தைக் குறைக்கத்தான் சுபாருவோட பாக்ஸர் இன்ஜினைப் பயன்படுத்துது. சிலிண்டர்கள் நிமிர்ந்து நிக்காம ரெண்டு பக்கமும் படுத்திருக்கும், இன்ஜின் தரையை ஒட்டி உக்காரும். சுபாரு பிஆர்ஸெட்டும் ஜிஆர்86ம் ஒரே அடிப்படையில வந்த இரட்டையர்கள்தான்.

மியாட்டா வேற வழியில போச்சு. அதுல இன்ஜினை முன் சக்கர அச்சுக்குப் பின்னாடி தள்ளி வச்சிருக்காங்க. எதுக்கு? காவடி எடுத்தவங்களைப் பாருங்க. கம்போட ரெண்டு முனையிலயும் சொம்பு தொங்கினா சட்டுனு திரும்ப முடியாது, திரும்பினா நிக்கவும் முடியாது. அதே ரெண்டு சொம்பையும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டா எப்படி வேணா சுத்தலாம். எடை மாறல, நிலைமத் திருப்புத்திறன்தான் குறைஞ்சுது. கனமான பொருளெல்லாம் நடுவுக்கு வந்தா ஸ்டியரிங் திருப்பின உடனே காரும் திரும்பும்.

மியாட்டாவோட கதையும் நமக்கு ஒரு பாடம். பாப் ஹால்னு ஒரு அமெரிக்க கார் பத்திரிகையாளர், 1979ல மாஸ்டா எஞ்சினியர் கெனிச்சி யமமோட்டோகிட்ட, பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டர் மாதிரி எளிமையான, விலை குறைஞ்ச திறந்த கார் ஒண்ணு செய்யுங்கன்னு சொன்னார். பத்து வருஷம் கழிச்சு 1989 சிகாகோ ஆட்டோ ஷோவுல முதல் மியாட்டா வந்தது. அமெரிக்க மாடல்ல 1.6 லிட்டர் இன்ஜின், 116 எச்.பி.தான். டிசைன் டீமோட இலக்கு 'ஜின்பா இத்தாய்'. குதிரையும் அதுல ஏறினவரும் ஒரே உடம்பு மாதிரி இருக்கணும்ங்கிற ஜப்பானிய சொல். 2016 ஏப்ரல்ல பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது. அதிகம் விற்ற ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்ங்கிற கின்னஸ் சாதனையும் அதுகிட்டதான் இருக்கு. "அது பொம்பளைங்க கார்"னு கிண்டல் பண்றவங்க அங்கயும் உண்டு. அந்த காருக்குன்னே அமெரிக்காவுல 'ஸ்பெக் மியாட்டா'ன்னு தனி ரேஸ் பிரிவு இருக்குங்கிறதை அவங்களுக்குச் சொல்லுங்க.

4. ஓட்டுறவங்க உடம்பு

'குதிரையும் ஏறினவரும் ஒரே உடம்பு'ன்னா, யாரோட உடம்பு? கார் வாங்கித் தர்ற எல்லாரும் தாண்டிப் போற இடம் இது.

ஸ்டியரிங் நடுவுலேர்ந்து ஓட்டுறவங்க நெஞ்செலும்பு வரைக்கும் குறைஞ்சது 10 அங்குலம், அதாவது 25 செமீ இடைவெளி இருக்கணும்னு அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பு சொல்லுது. ஏர்பேக் வெடிச்சு விரியுறதுக்கு அந்த இடம் வேணும். உயரம் குறைஞ்சவங்களுக்குக் கிளட்ச் முழுசா எட்டணும்னா சீட்டை முன்னாடி தள்ளணும். முன்னாடி தள்ளினா நெஞ்சு ஸ்டியரிங்கை நெருங்கும். இதைத் தீர்க்கத்தான் ஸ்டியரிங் உள்ளே வெளியே நகரணும், டெலஸ்கோப்பிக்னு சொல்வாங்க.

இப்ப ஒரு விவரம். 2015 வாக்குல வந்த நாலாம் தலைமுறை மியாட்டாவுல ஸ்டியரிங் மேல கீழ மட்டும்தான் நகரும். டெலஸ்கோப்பிக் வசதி அமெரிக்காவுல 2019 மாடல்லதான் வந்தது. இன்ஜின் 155லேர்ந்து 181 எச்.பி. ஆனதும் அதே வருஷம்தான். யூஸ்டு கார் விளம்பரத்துல 2018ம் 2019ம் பக்கத்துப் பக்கத்துல நிக்கும். ஆறடி ஆளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. 5 அடி 1 அங்குல அக்காவுக்கு அதுதான் பெரிய வித்தியாசம்.

கிராஷ் டெஸ்ட் பொம்மைகளையும் பார்ப்போம். அமெரிக்க அரசோட நட்சத்திர மதிப்பீட்டுக்கான முன்பக்க மோதல் சோதனையில ஓட்டுநர் சீட்ல உக்கார்றது சராசரி ஆண் அளவு பொம்மை, சுமார் 5 அடி 9 அங்குலம், 78 கிலோ. சின்ன உடம்புப் பெண் அளவு பொம்மை, சுமார் 5 அடி, 50 கிலோ, பக்கத்து சீட்ல உக்காரும். அதாவது அந்த சோதனைக்கு ஆண் ஓட்டுவார், பெண் பக்கத்துல வருவாங்க. நாம வாங்கப்போற கார்ல அது தலைகீழ். நட்சத்திரத்தை மட்டும் பார்த்து நிம்மதியாகாம, அவங்க அந்த சீட்ல எப்படி உக்கார்றாங்கன்னு நேர்ல பார்க்கணும்னு நான் சொல்றதுக்கு இதுதான் காரணம்.

எடையைக் குறைக்குறதுல நஷ்டமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அமெரிக்க ரோடு முழுக்க பெரிய பிக்அப் டிரக். 1,060 கிலோ காரும் 2,120 கிலோ டிரக்கும் தலா 50 கிமீ வேகத்துல நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கிட்டா, உந்த அழிவின்மை விதிப்படி ரெண்டும் டிரக் போன திசையில 16.7 கிமீ வேகத்துல நகரும். டிரக்கோட வேக மாற்றம் 33.3, நம்ம காரோடது 66.7. சரியா ரெண்டு மடங்கு. 1.23 மீட்டர் உயரக் கார், டிரக் ஓட்டுறவங்க கண்ணுக்குச் சட்டுனு தெரியாது வேற. இதுக்கு ஒரே பதில், மோதாம இருக்கணும். நல்ல பிரேக், நல்ல டயர், எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல். இந்த கன்ட்ரோல் அமெரிக்காவுல 2012 மாடல்லேர்ந்து எல்லா கார்லயும் கட்டாயம். அதுக்கு முந்தின காரா இருந்தா இருக்கான்னு கேட்டுட்டு வாங்குங்க.

5. 'கைக்கு அடங்குற விலை'ன்னா என்ன?

ஷோரூம் விலை ஒரு தடவைதான். மாசாமாசம் வர்றது இன்சூரன்ஸ், பெட்ரோல், டயர், சர்வீஸ். யானையை சும்மா குடுத்தாலும் கட்டித் தீனி போடணும்ல?

மாமா ஷீட்ல ஒரு பழைய போர்ஷ பாக்ஸ்டரும் இருந்தது. 1997லேர்ந்து 2004 வரைக்கும் வந்த முதல் தலைமுறை. இப்ப புது மியாட்டாவைவிட ரொம்பக் குறைஞ்ச விலையில கிடைக்கும், ஓட்டவும் அருமையான கார்னு பேரு. ஆனா காரோட விலைதான் இறங்கியிருக்கு, ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்கல. அந்த இன்ஜின்ல இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் உடைஞ்சா மொத்த இன்ஜினும் போகும்ங்கிறது பிரபலமான சிக்கல். பேரிங் மாத்தியாச்சுன்னு பில் இல்லாம அந்தப் பக்கம் போகக் கூடாது. முன்னாடி ஒரு அளவு டயர், பின்னாடி வேற அளவு, அதனால முன்னும் பின்னும் மாத்திப் போட்டுத் தேய்மானத்தைச் சமமாக்கவும் முடியாது.

பெட்ரோல் கணக்கு: வருஷம் 8,000 மைல் ஓட்டுறாங்கன்னு வைங்க. மேனுவல் மியாட்டா கேலனுக்கு 29 மைல், 276 கேலன் ஆகும். மேனுவல் ஜிஆர்86 கேலனுக்கு 22 மைல், 364 கேலன். 88 கேலன் வித்தியாசம். அதோட ஜிஆர்86க்கு விலை அதிகமான ப்ரீமியம் பெட்ரோல்தான் ஊத்தணும். இன்சூரன்ஸ் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும், அதனால கார் முடிவு பண்றதுக்கு முன்னாடியே ஓட்டப்போறவங்க பேர்ல கொட்டேஷன் வாங்கிடணும். சம்பாதிக்கிறவர் பேர்ல வாங்கினா அந்த நம்பர் நமக்கு உதவாது.

யூஸ்டு காரா இருந்தா மூணு வேலை. ஒண்ணு, 17 எழுத்து-எண் கொண்ட வின் நம்பரைப் போட்டு ரீகால் பாக்கி இருக்கான்னு பாருங்க, இலவசம்தான். ரெண்டு, விற்கிறவருக்குச் சம்பந்தமே இல்லாத மெக்கானிக்கிட்ட காரைத் தூக்கிக் காட்டிப் பாருங்க. மூணு, ஸ்போர்ட்ஸ் கார்னா முந்தின ஓனர் எப்படி ஓட்டினார்னு டயர் சொல்லும். வேற வேற கம்பெனி மலிவு டயரா நாலு மாட்டியிருந்தா, வேற எதுலல்லாம் காசை மிச்சம் பிடிச்சாரோன்னு யோசிங்க. திறந்த காரா இருந்தா துணிக்கூரையோட ஓரத்துல தண்ணி வடியுற துளை அடைச்சிருக்கான்னும் பாருங்க.

6. விடை

இவ்வளவு கணக்கும் முடிஞ்சப்போ 14 கார்ல ரெண்டுதான் மிஞ்சுச்சு: 2019க்கு அப்புறம் வந்த மியாட்டா, இல்லைனா ஜிஆர்86. அக்காவுக்குக் கியர் வேணும். 2024லேர்ந்து புது மஸ்டாங் ஈகோபூஸ்ட் ஆட்டோமேட்டிக்ல மட்டும்தான் வருது, அதனால அது அங்கேயே அவுட்.

இதுக்கு மேல கணக்கு உதவாது, ஓட்டிப் பார்க்கணும். "மாமா, ரிப்பனை மறந்துடுங்க, அக்காவைக் கூட்டிட்டுப் போங்க"ன்னு சொன்னேன். அவருக்கு மனசே வரல. ரெண்டு மாசமா ரகசியமா வச்சிருந்தவர். "சர்ப்ரைஸ் இல்லைனா கிஃப்ட்டே இல்லடா மாப்ள"ன்னார். "காரே சர்ப்ரைஸா இருக்கணுமா மாமா? நம்ம கூட வா, உனக்குப் பிடிச்சதை எடுன்னு சொல்றதே அக்காவுக்கு சர்ப்ரைஸ்தான்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் லைன்ல சத்தமே இல்ல. அப்புறம் சரின்னார்.

ஒரு சனிக்கிழமை மூணு கார் ஓட்டினாங்க. ஆசைக்கு மஸ்டாங்கும் ஒண்ணு, மாமா விடல. முதல் ஷோரூம்ல சேல்ஸ்மேன் சாவியை மாமா கையில குடுத்தாராம். மாமா அதை வாங்கி அப்படியே அக்கா கையில வச்சுட்டு பக்கத்து சீட்ல போய் உக்காந்தாராம். அக்கா என்கிட்ட கார்களைப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி இதைத்தான் சொன்னாங்க.

மஸ்டாங்ல பானட் எங்க முடியுதுன்னே தெரியலையாம். மியாட்டாவுல மூணாவது கியர் போட்டதும் கொல்லிமலை ஞாபகம் வந்துடுச்சாம். அப்ப மியாட்டாதானேன்னு கேட்டா, இல்ல, ஜிஆர்86தான் வேணும்னாங்க. யூஸ்டுல ஒரு 2022 மேனுவல். ஏன்னு கேட்டேன். "பின்னாடி ஒரு சீட் இருக்குடா, பாப்பாவையும் கூட்டிட்டுப் போகணும்."

ஜிஆர்86ல பின் சீட்டுன்னு ஒண்ணு பேருக்குத்தான் இருக்கு. ஆறடி ஆள் முன்னாடி உக்காந்தா பின்னாடி ஒரு கால் கூட நுழையாது. ஆனா 5 அடி 1 அங்குல ஆள் சீட்டை முன்னாடி இழுத்துக்கிட்டா, பின்னாடி பூஸ்டர் சீட்ல ஒரு ஆறு வயசுக் குழந்தைக்குத் தாராளமா இடம் இருக்கு. இத்தனை நேரம் கணக்குல சிக்கலா வந்த உயரமே கடைசியில இடமா மாறிடுச்சு. டெலஸ்கோப்பிக் ஸ்டியரிங்கும் இருக்கு, நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவுல மாமா டேப் வச்சு அளந்து போட்டோவும் அனுப்பினார். பெட்ரோல் செலவு கூடத்தான். அக்காவுக்கு அது தெரியும், தெரிஞ்சுதான் எடுத்தாங்க.

மாநில எல்லையில டீல்ஸ் கேப்னு ஒரு இடத்துல, 11 மைல்ல 318 வளைவு இருக்குற ரோடு ஒண்ணு உண்டு. 'டிராகன் வால்'னு பேரு. அடுத்த லீவுல அங்க போறாங்களாம், பாப்பா பின் சீட்ல.

7. நீங்க செய்யும்போது

உங்ககிட்டயும் ஒரு நாள் யாராவது கேப்பாங்க. ஸ்போர்ட்ஸ் காரா இருக்கணும்னு இல்ல, அம்மாவுக்கு ஸ்கூட்டரா இருக்கலாம், தங்கச்சிக்கு செகண்ட் ஹேண்ட் ஹேட்ச்பேக்கா இருக்கலாம். இந்த வரிசையை மனசுல வச்சுக்குங்க.

அ. யார் ஓட்டப்போறாங்க, அவங்க உயரம் என்ன, எந்த வண்டியில சந்தோஷமா இருந்தாங்கன்னு முதல்ல கேளுங்க.

ஆ. எச்.பி.யை எடையால வகுத்துட்டு அப்புறம் வரிசைப்படுத்துங்க. வளைவு ரோடுன்னா ஈர்ப்பு மையத்தோட உயரத்தையும் பாருங்க.

இ. உக்கார வச்சுப் பாருங்க. முதுகு சீட்டை விட்டு எழாம கிளட்ச் முழுசா போகணும். தோள் சீட்ல ஒட்டியிருக்க, கையை நீட்டினா மணிக்கட்டு ஸ்டியரிங் மேல உக்காரணும். நெஞ்சுக்கு முன்னாடி 25 செமீ இருக்கணும்.

ஈ. வாங்குற விலையோட மூணு வருஷ இன்சூரன்ஸ், பெட்ரோல், ஒரு செட் டயர் மூணையும் கூட்டுங்க. அதுதான் விலை.

உ. டெஸ்ட் டிரைவ் அவங்கதான் பண்ணணும். வாங்கித் தர்றவர் பக்கத்து சீட்ல, முடிஞ்சா பேசாம.

ஊ. பதிவுப் பத்திரத்துல அவங்க பேர் இருக்கட்டும். கிஃப்ட்டுன்னு சொல்லிட்டு ஆர்.சி. நம்ம பேர்ல இருந்தா அது கிஃப்ட் இல்ல, இரவல்.

கணக்கு வேண்டாததைக் கழிச்சுக் குடுக்கும். மிஞ்சுற ரெண்டு மூணுல எதுங்கிறதை ஓட்டப்போறவங்க சொல்லட்டும். அடுத்த கல்யாண வீட்ல யாராவது "எந்த கார் வாங்கலாம் தம்பி?"ன்னு ஆரம்பிச்சா, மைலேஜ் சொல்றதுக்கு முன்னாடி "ஓட்டப்போறது யாருங்க?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. காபி கொஞ்சம் லேட்டாகும், பரவாயில்ல.